இளகின கண்ணாடி

உடைந்த சாமானை யாரும் சும்மா விடுவதில்லை. ரயர் வெடித்தால் அன்றைக்கே ஒட்டுவிக்கிறோம். பற்றறி இறங்கினால் றோட்டில் போற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுகிறோம். இளகின சாமானுக்கு அந்தக் கவனிப்புக் கிடைப்பதில்லை. கதவுக் கொளுக்கி, கட்டில் கால், குசினிக் குழாய் என்று வீட்டுக்குள் சுற்றிப் பார்த்தாலே தெரியும். ஒருக்காத் தட்டினால் சரிவரும். பிறகு தட்டுவதே பழக்கமாகிவிடும். கொஞ்ச நாளில் அது இளகியிருக்கிறது என்பதே மறந்துபோகும்.

நாங்கள் சொல்லப்போவது அப்படி இளகிப்போன ஒரு கண்ணாடியைப் பற்றி. ஒரு பழைய மொறிஸ் மைனர் காருக்குள், சாரதிக்குப் பின்பக்கத்தைக் காட்டுகிற கண்ணாடி.

நாங்கள் மூன்று பேர். கலைப்பீடம், மூன்றாம் வருசம். திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறோம். வீட்டுக்கார ஐயாவுக்கு 76 வயது. அம்மாவுக்கு அதைவிட நாலைந்து வயது குறைவு. மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். அந்த வீட்டில் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்தது, எங்களைவிட மரியாதையாக நடத்தப்படுவது, போர்ட்டிக்கோவில் நிற்கிற சாம்பல் நிற மொறிஸ் மைனர்.

யாழ்ப்பாணத்தில் பழைய இங்கிலாந்துக் கார்கள் ஓடுவதைப் பார்த்து வெளியிலிருந்து வாறவர்கள் படம் எடுப்பார்கள். அது ஆசைக்காக ஓடின ஓட்டம் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது, மூடித் திறந்து பார்த்தால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரிகிற எளிய எஞ்சின்கள்தான் மண்ணெண்ணெயிலும் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்தக் காலத்து வித்தை. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மைனர் எல்லாம் அப்படித்தான் தப்பின. பிறகு 2020இல் நாடு முழுக்க வாகன இறக்குமதி நின்று, 2025 வரைக்கும் புதுக் கார் கனவாக இருந்தபோது, இருக்கிறதை வைத்து ஓட்டுவது எப்படி என்று தென்னிலங்கையும் படித்தது. எங்கட ஐயாமார் அதை எப்பவோ படித்து முடித்துவிட்டார்கள்.

மொறிஸ் மைனர் முதன்முதல் லண்டன் கார்க் கண்காட்சியில் வெளிவந்தது 1948இல். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். ஆரம்பத்து மைனர்களுக்கு முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும், பின்கண்ணாடி சின்னது. 1956இல் மைனர் 1000 வந்தபோதுதான் முன்கண்ணாடி ஒரே வளைந்த துண்டாகி, பின்கண்ணாடியும் பெருத்தது. ஐயாவின் கார் இந்த வகை. ஆகவே பின்னால் பார்க்க இடம் இருக்கிறது. பார்க்கிற கண்ணாடிதான் நிற்கவில்லை.

அந்தக் கண்ணாடி மைனருடையதும் இல்லை. சொந்தக் கண்ணாடி எப்பவோ உடைந்துபோக, கராஜில் கழற்றிக் கிடந்த ஒரு ஜப்பான் காரின் கண்ணாடியைப் பூட்டியிருக்கிறார்கள். அது அகலமானது, பாரமும் கூட. முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு ஸ்குரூ ஆணியில் ஒரு சின்னத் தகடு. தகட்டிலிருந்து ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு குண்டு. அந்தக் குண்டை இரண்டு பக்கத்தாலும் கவ்விப் பிடிக்கிற இரண்டு தகடுகள். அதில் தொங்குகிறது கண்ணாடி. பலாலி வீதியில் ஒரு பள்ளம் வந்தால் போதும், கண்ணாடி தலையைக் குனியும். ஐயா இடக்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், நிமிரும். அடுத்த பள்ளத்தில் திரும்பவும் குனியும்.

இந்த ஆட்டம் எவ்வளவு பெரிய விசயம் என்று கேட்பவர்களுக்கு, ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த தெறிப்பு விதியை ஞாபகப்படுத்துகிறோம். படுகோணமும் தெறிகோணமும் சமன். அதனால் கண்ணாடி ஒரு பாகை திரும்பினால், நாம் பார்க்கிற திசை இரண்டு பாகை திரும்பும். 30 மீற்றர் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள், அந்த ஒரு பாகையால் கண்ணாடியில் ஒரு மீற்றருக்கு மேல் தள்ளிப்போகும். கண்ணாடி ஐந்தாறு பாகை குனிந்தால் வீதி கிட்டத்தட்ட முழுக்க மறைந்து, பின்சீற் மட்டும் தெரியும். இந்தப் பின்சீற்றைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

ஆடுகிற கண்ணாடியின் வரலாறும் பழையது. 1909இல் டொரொதி லெவிற் என்ற இங்கிலாந்துக் காரோட்டப் பந்தய வீராங்கனை பெண்ணும் காரும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கார் ஓட்டுகிற பெண்கள் ஒரு சின்னக் கைக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்திருக்க வேணும், சனநெரிசலில் இடைக்கிடை அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேணும் என்று அதில் ஒரு அறிவுரை இருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடியை வீதி பார்க்கத் திருப்பின அந்த யோசனை எங்களுக்கு நல்லாப் பிடித்தது. இரண்டு வருசம் கழித்து, 1911இல், அமெரிக்காவின் இண்டியானபொலிஸ் 500 மைல் பந்தயம் முதன்முதலாக நடந்தது. மற்றக் கார்களில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்து பின்னால் வருவதைப் பார்த்துச் சொன்னார். றே ஹறூன் என்பவர் மட்டும் ஆளை விட்டுவிட்டு ஒரு கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு தனிய ஓடி வென்றார். செங்கல் பதித்த தடத்தில் கண்ணாடி நடுங்கின நடுக்கத்தில் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். வென்ற காரின் கண்ணாடியும் ஆடினதுதான். ஆனால் அவருக்கு எதிர்த்திசையில் ஓட்டோ வரவில்லை, ஒழுங்கைக்குள் சைக்கிள் பிள்ளையளும் இல்லை.

எங்கட கதை மாசி மாதம் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறது. ஐயா அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்திருக்கிறார். ஒழுங்கைக்குள் வலப்பக்கம் திருப்பேக்க, பின்னாலிருந்து முந்த வந்த மோட்டார் சைக்கிள் காரின் கதவோடு உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. பொடியன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆனால் கதை அன்று இரவே கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடியோ கோலில் மூத்த மகன் சொன்னது எங்கட அறைக்கும் கேட்டது.

“அப்பா, காணும். இனி ஓட வேண்டாம். காரை வித்துப்போட்டு ஓட்டோவில போங்கோ.”

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலமை காரைத் துடைக்கிற நேரம் தாண்டியும் விறாந்தையிலேயே இருந்தார். அம்மாதான் எங்களிடம் வந்து, “பிள்ளையள், உங்களுக்கு உந்தக் கண்ணாடியை இறுக்கத் தெரியுமே?” என்று கேட்டா. எங்களில் ஒருத்தியின் அப்பா கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். திருப்புளி பிடிக்க அவளுக்குத் தெரியும். மற்ற இரண்டு பேருக்கும் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியும். இந்த வேலைக்கு மூன்று பேருமே தேவைப்பட்டது.

முதல் வேலை, எது ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது. ஆடுவது கண்ணாடி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணாடி ஆட மூன்று இடம் இருக்கிறது. மேலே தகடு, நடுவில் குண்டு, கீழே கண்ணாடியின் சட்டம். ஐயா காரை ஸ்ராட் பண்ணிவிட்டு இறங்கினார். ஒருத்தி சாரதி சீற்றில் இருந்து, கண்ணாடியில் பின்னாலிருக்கிற கேற்றின் தபால்பெட்டியைப் பார்த்தாள். தபால்பெட்டி நடுங்கியது. இன்னொருத்தி தகட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. பிறகு குண்டைப் பிடித்தாள். தபால்பெட்டி சிலைபோல நின்றது. ஆக, இரண்டு இடத்தில் நோய்.

தகட்டின் நோய் சின்னது. இரண்டு ஆணியில் ஒன்று சும்மா சுற்றியது. ஆணி கடித்துப் பிடிக்கிற துளை மெல்லிய தகரத்தில் தேய்ந்து பெருத்துவிட்டது. அதற்கு அதே நீளத்தில் ஒரு நம்பர் மொத்தமான ஆணியும் ஒரு ஸ்பிரிங் வாசரும் போதும். நீளமான ஆணி போடக்கூடாது. உள்ளே என்ன வயர் போகிறது, கூரைத் தகரம் எவ்வளவு கிட்ட என்று வெளியிலிருந்து தெரியாது.

குண்டின் நோய்தான் யோசிக்க வைத்தது. கவ்விப் பிடிக்கிற ஆணியை இறுக்கினால், அது ஏற்கெனவே முழுக்க இறுகியிருந்தது. இதற்கு மேல் திருப்பினால் ஆணி முறியும். இறுகின ஆணி ஏன் பிடிக்கவில்லை? எங்கட ஒழுங்கை முடிவில் கராஜ் வைத்திருக்கிற அண்ணை வந்து ஒரு பார்வையில் சொன்னார்.

“ரெண்டு தகடும் ஒண்டையொண்டு முட்டிட்டுது பார். நீ இறுக்கிற பலமெல்லாம் தகட்டுக்குத்தான் போகுது, குண்டுக்குப் போகேல்ல.”

இவ்வளவு காலமும் யார் இறுக்கினாலும் ஏன் சரிவரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. குண்டு தேய்ந்து சிறுத்துவிட்டது. தகடுகள் தங்களுக்குள் முட்டிக்கொண்டு, குண்டைச் சும்மா விட்டிருக்கின்றன.

அண்ணை சொன்ன வைத்தியம் இரண்டு. ஒன்று, தகடுகள் முட்டுகிற விளிம்பை அரத்தால் கொஞ்சம் உரஞ்சி இடைவெளி எடுப்பது. இரண்டு, குண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஏதாவது வைப்பது. நாங்கள் முதலில் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்துப் பார்த்தோம். கண்ணாடி குனியவில்லை. ஆனால் றபர் துள்ளுகிற சாமான் என்பதால் நடுக்கம் முன்பைவிடக் கூடியது. பிறகு மெல்லிய சாண்ட் பேப்பரில் ஒரு கீலம், சொரசொரப்பான பக்கம் குண்டைப் பார்க்கிற மாதிரி. அது பிடித்தது. ஒற்றை விரலால் தள்ளினால் அசையாது, முழுக் கையால் தள்ளினால் அசையும்.

அந்த அளவில் நிறுத்த வேணும் என்பதையும் அண்ணைதான் சொன்னார். கம்பஸில் ஒரு நண்பன் சுப்பர் குளூ விட்டு ஒட்டச் சொல்லியிருந்தான். ஒட்டக்கூடாது. சடுதியாகப் பிறேக் அடித்து யாருடைய தலையாவது போய் முட்டினால், கண்ணாடி விலகிக் கொடுக்க வேணும். உயரமான ஆள் ஓட்டினால் மாற்றி வைக்கவும் வேணும். அசையவே அசையாத கண்ணாடியும் ஆபத்துத்தான்.

வேலை முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. கழற்றின குண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது, அது சுற்றிவரத் தேய்ந்திருக்கவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக, பளபளவென்று ஒரு தடம். பள்ளத்தில் விழுந்து ஆடினதால் மட்டும் தேய்ந்தால் இப்படி ஒரே கோட்டில் தேயாது. யாரோ ஒரு கை இதை மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, வருசக்கணக்காகத் திருப்பியிருக்கிறது.

ஐயாவிடம் காட்டினோம். அவர் குண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

“அவர் என்னையெல்லோ பாக்கிறவர்.”

அம்மாவுக்கு முழங்கால் மடிக்க ஏலாது. முன்சீற்றில் இருக்க மாட்டா. பின்சீற்றில் காலை நீட்டிக்கொண்டுதான் இருப்பா. சீனி வருத்தம் வேறு. கிளினிக்குக்கு வெறும் வயிற்றோடு போகிற நாளில் சில நேரம் சீனி இறங்கிவிடும். இறங்கினால் அவ சொல்ல மாட்டா, சத்தம் போடாமல் கண்ணை மூடிவிடுவா. ஒருக்கா அப்படி மயங்கினது ஆஸ்பத்திரி வாசலில்தான் ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஓடுகிற வழியெல்லாம் கண்ணாடியைக் கீழே இறக்கி அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், மேலே ஏற்றி வீதியைப் பார்ப்பார். ஐயாவுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. அவருக்கு இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான். அதில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

மோட்டார் சைக்கிள் வந்த அன்றைக்கு அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அண்டைக்கு இவ ஆஸ்பத்திரியில சாப்பிடேல்ல.”

பிறகு, அவ்வளவு கதைக்காத மனுசன், கண்ணாடியைப் பற்றி இன்னொரு கதையும் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு எழும்பின நாள். அப்போதும் இதே கார். மைனரின் சொந்தக் கண்ணாடி. மண்ணெண்ணெயில் ஓட்டம். பின்சீற்றில் ஐயாவின் தாய், அவவைச் சுற்றிச் சாக்கும் பெட்டியும் பாயும் கூரைமட்டும். “பின்னால வீதி தெரியிறதுக்கு வழியில்ல. தெரிஞ்சாலும் புகைதான். கண்ணாடியை இறக்கி விட்டன், அம்மாவின்ர முகம் மட்டும் தெரிஞ்சுது. கண் முழிச்சிருக்கிறாவோ எண்டு பாத்துப் பாத்து, நாவற்குழி தாண்டச் சாமமாப் போச்சு.” மழை, சனம், அடிஅடியாக நகர்ந்த வரிசை. தாய் தப்பினா. பிறகும் பத்து வருசம் இருந்தா. ஆனால் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிற கை அன்றைக்குப் பழகினதாக இருக்க வேணும்.

நாங்கள் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. இடப்பெயர்வு எங்களுக்குப் பாடம், கட்டுரை, ஆவணப்படம். ஒரு கண்ணாடிக் குண்டின் தேய்மானத்தில் அதன் ஒரு நூல் வந்து முடியும் என்று எந்த விரிவுரையிலும் நாங்கள் கேட்டதில்லை.

ஐயா கதைத்து முடியும்போது எங்களுக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் குண்டை இறுக்கினது சரி. ஆனால் இறுக்கினதால் அவர் அம்மாவைப் பார்க்கிற வழியை அடைத்துவிட்டோம். அப்படியே விட்டிருந்தால் ஒரு கிழமைக்குள் அந்தக் கை சாண்ட் பேப்பரையும் தேய்த்து வென்றிருக்கும். ஒன்று இளகினால் இறுக்குவதற்கு முன், அதை இளக்குகிற கை எது, அதற்கு என்ன தேவை என்று கேட்க வேணும். அந்தத் தேவைக்கு வேறொரு வழி செய்தால்தான் இறுக்கினது நிற்கும்.

வழி சின்னதுதான். ரவுனில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் உள்ளங்கையிலும் சிறிய வட்டக் குவிவாடி விற்கிறார்கள். பக்கக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு என்று வருவது. குவிவாடி எதையும் சிறுப்பித்துக் காட்டும், தூரத்தைப் பிழையாகக் காட்டும். வீதிக்கு அதை மட்டும் நம்ப ஏலாது. ஆனால் ஒரு மனுசியின் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க அது தாராளம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், வீதியை மறைக்காத ஒரு மூலையில், அம்மாவைப் பின்சீற்றில் இருத்தி அளவு பார்த்து ஒட்டினோம். பெரிய கண்ணாடி வீதிக்கு. சின்னக் கண்ணாடி அம்மாவுக்கு.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஐயாவின் கழுத்து இனித் திரும்பப்போவதில்லை. மகன்மாரின் பயமும் சும்மா பயமில்லை. தகப்பன் ஓட்டுவதைப் பார்க்காமல், கதையை மட்டும் கேட்டுக்கொண்டு அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு, “வித்துப்போடுங்கோ” என்பதைத் தவிர கையில் கருவி இல்லை. அடுத்த வீடியோ கோலில் அம்மா போனைக் காருக்குள் கொண்டுபோய் இரண்டு கண்ணாடியையும் காட்டினா. மூத்தவர் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மாக்குச் சீனி இறங்கிறது ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?” என்றுதான் கேட்டார். காரைப் பற்றின கதை அன்றைக்கு வரவில்லை.

பிறகு அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆனது. இரவில் ஓடுவதில்லை. மழையில் ஓடுவதில்லை. கேற்றால் பின்னுக்கு எடுக்கும்போது யாராவது இறங்கி நின்று சொல்ல வேணும். கண் வைத்தியரிடம் ஒருக்காக் காட்ட வேணும், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேணும். ஐயா கடைசி நிபந்தனைக்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துத் தலையாட்டினார். கிளினிக் நாளில் எங்களில் லெக்சர் இல்லாத ஒருத்தி அம்மாவோடு கூடப் போவது என்பது நாங்களாகச் சேர்த்த நிபந்தனை. கைப்பையில் இரண்டு பிஸ்கட்டும் ஒரு குளுக்கோஸ் பைக்கற்றும் இருக்கும். 1911இல் ஹறூன் இறக்கிவிட்ட ஆளை நாங்கள் திரும்ப ஏற்றியிருக்கிறோம்.

வேலை முடிந்த அன்று, எங்களில் ஒருத்தி சிவப்பு நெயில் பொலிஸ் கொண்டுவந்து, தண்டிலும் கண்ணாடிச் சட்டத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறினாள். இறுக்கின ஆணி பிறகு இளகினதா என்று பார்க்கக் கராஜ்களில் பெயின்ற்றால் போடுகிற அடையாளம் இது, அவள் தகப்பனிடம் பழகினது. கண்ணாடி அசைந்தால் கோடு முறிந்துபோகும், எங்கட கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஏழு கிழமை ஆகிறது. கோடு முறியவில்லை.